நிலக்கடலை கம்பளியைக் கழற்றிய கதை

செடிகொடிகளுக்கு வாய் இருந்த காலம் அது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது. பூசணிக்கொடி அவரையைப் பற்றிப் புறம் பேசும். அவரை தன் பந்தலைப் பற்றியே புறம் பேசும். பூச்சி கடித்தால் செடி சும்மா இருக்காது. அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டும்.

அப்போது ஒரு மலைச்சரிவில் அக்காளும் தங்கையுமாக இரண்டு கடலைச் செடிகள் குடியிருந்தன. எந்த மலை என்று கேட்டால் கடல் தாண்டி வெகுதூரம் போக வேண்டும். கடலை நம் ஊருக்குக் கப்பலேறி வந்து சேர்ந்ததுதான். அந்த ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழைய மறுப்பதால், எல்லோருக்கும் நம் பக்கத்துப் பெயராகவே வைத்துக்கொள்கிறேன். அக்காள் காராத்தாள். தங்கை பூவாத்தாள்.

அவர்கள் இருந்த இடம் சரளைக்கல் காடு. மழை எப்போது வரும் என்று மழைக்கே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் காராத்தாள் குடித்தனம் நடத்திய அழகைப் பார்க்க வேண்டும். பூ வாடியதும் ஊசி போல ஒரு காம்பை மண்ணுக்குள் இறக்கி, அதன் நுனியில் பிள்ளையை வைப்பாள். காய்தான் வீடு; ஒரு வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஒன்றைக் கிழக்கே ஒளித்தால் அடுத்ததை வடக்கே ஒளிப்பாள். காட்டுப்பன்றி மூச்சு வாங்கத் தோண்டினால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பருப்பு கிடைக்கும். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று பன்றியே தன்னை நொந்துகொண்டு போய்விடும்.

இலை, தண்டு, காம்பு என்று உடம்பு முழுவதும் சொரசொரவென்று மயிர்க்கம்பளி. காராத்தாள் தனக்கும் தங்கைக்கும் தானே நெய்துகொண்டது. கம்பளியைத் தாண்டி யாராவது பல்லை வைத்தால் உள்ளே ஒரு கசப்பு காத்திருக்கும். ஒருமுறை ஒரு பச்சை வண்டு ஆசையாகக் கடித்துவிட்டு முகம் கோணிப்போய் நின்றது.

"என்னக்கா, உங்க வீட்டுல உப்பு புளி எதுவும் போட மாட்டீங்களா?" என்றது.

"போடறதில்லை. விருந்தாளி தங்கிடுவாங்க" என்றாள் காராத்தாள்.

பொட்டுக்காரி என்று ஒருத்தியும் அவ்வப்போது வருவாள். மழை ஓய்ந்த பிறகு அடிக்கும் ஈரக்காற்றில் ஏறிக்கொண்டு, பழுப்புப் பொட்டு நிறைந்த கூடையோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவள். "பொட்டு வெச்சுக்கறீங்களா அம்மிணி? சுத்தி மஞ்சக்கரை கட்டித் தர்றேன்" என்று தேனாகப் பேசுவாள். காராத்தாள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். பொட்டுக்காரி விடாமல் ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்ப்பாள். கம்பளியில் எதுவும் ஒட்டாமல் உதிர்ந்து விழும். முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவாள்.

பூவாத்தாளுக்கு இந்த வாழ்க்கை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அக்கா, அரிக்குது."

"அரிக்கட்டும்."

"அக்கா, வேர்க்குது."

"வேர்க்கட்டும்."

"கீழ வயல்ல அந்த மக்காச்சோளத்தப் பாரு. வேளா வேளைக்குத் தண்ணி, குப்பை, காலடியில ஒரு புல் முளைச்சாக்கூட ஆள் வந்து பிடுங்குது. நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து?"

"அதோட கழுத்த வருசா வருசம் யாரு திருகறாங்கன்னும் சேர்த்துப் பாரு" என்பாள் காராத்தாள்.

அந்த வயல் செங்கோடன் என்பவனுடையது. அவனும் அவன் மனைவி நாச்சாளும் ஆற்றோர மணல் பூமியில் மக்காச்சோளம் போட்டுப் பிழைத்தார்கள். செங்கோடன் வாய்ப்பேச்சில் மலையையே புரட்டுவான். நாச்சாள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டாள்.

ஒருநாள் விறகு பொறுக்க மலைக்கு வந்த நாச்சாள், கால் இடறி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் பூவாத்தாளின் ஊசி ஒன்று மண்ணோடு வெளியே வந்தது. நுனியில் இருந்த காயை உடைத்து, பருப்பை வாயில் போட்டு மென்றாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பூவாத்தாள். இதுவரை அவளை யாரும் ருசித்துப் பாராட்டியதில்லை.

"எண்ணெயும் பாலும் சேர்ந்த மாதிரி இருக்கும்மா. ஆனா பல்லிடுக்குக்குக்கூடப் பத்தலையே. எங்க வயலுக்கு வந்துடேன். சோளம் தீர்ந்துபோற மாசத்துல எங்களுக்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல. உன்ன ராணி மாதிரி வெச்சுக்கறேன்."

பூவாத்தாள் அக்காளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "வர்றேன்" என்றாள்.

"அக்காளும் வரட்டுமே" என்றாள் நாச்சாள்.

"எனக்கு இன்னொருத்தர் ஊத்தற தண்ணி செரிக்காது" என்றாள் காராத்தாள். பிறகு தங்கையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "போறதுன்னா போ. நல்லா இரு. எது கேட்டாலும் கொடு. ஆனா அந்தக் கம்பளிய மட்டும் கழட்டாதே."

"சரி சரி" என்றாள் பூவாத்தாள். அவள் அதற்குள் நாச்சாளின் மடிக்குள் ஏறியாகிவிட்டது.

வயல் வாழ்க்கை சொன்னபடியே இருந்தது. செங்கோடன் குப்பை கொட்டினான், தண்ணீர் கட்டினான், பக்கத்து வயல்காரர்களைக் கூட்டி வந்து காட்டினான். ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு விண்ணப்பமும் இருந்தது.

"பிள்ளைகள இப்படித் திசைக்கு ஒண்ணா ஒளிச்சு வெச்சா நான் எப்படித் தேடறது? எல்லாத்தையும் காலடியிலேயே வெச்சுக்கோ."

பூவாத்தாள் அப்படியே செய்தாள்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணா? ரெண்டா வெய்யி."

வைத்தாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, கிடைத்ததையெல்லாம் தின்று, பூவாத்தாள் ஓராள் உடம்பில் ஈராள் ஆகிப்போனாள். காயில் பருப்பு இரண்டானது. அதோடு நிற்காமல், உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம்கூட இரண்டிரண்டாகிவிட்டன. அவள் பெண்களும் பேத்திகளும் வயல் முழுவதும் அதே வாளிப்போடு பரவினார்கள். பஞ்ச மாசத்தில் நாச்சாள் கடலையை வேகவைத்தாள், வறுத்தாள், இடித்து உருண்டை பிடித்தாள். செங்கோடனுக்கு முதன்முதலாகத் தொந்தி விழுந்தது. அதையும் அவன் ஊருக்குக் காட்டினான்.

கோடை வந்தது. வரப்போரம் நின்ற மக்காச்சோளம் ஒருநாள் மதியம் மெல்ல ஆரம்பித்தது.

"ஏன் பூவாத்தா, இந்த வெயில்ல எதுக்குக் கம்பளி? காட்டுல இருந்தப்ப சரி. இப்ப வயல்காரி ஆயிட்டே. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

அப்போது பார்த்துக் களை எடுக்க வந்த செங்கோடனும் முழங்கையைச் சொறிந்துகொண்டான். "நானும் சொல்லணும்னு இருந்தேன். உன் பக்கத்துல வந்தாலே அரிக்குது. உள்ள இருக்கற கசப்பையும் விட்டுத் தொலை. மாடு மூஞ்சியத் திருப்பிக்குது. காவலுக்குத்தான் நான் இருக்கேனே!"

பூவாத்தாளுக்கு அக்காள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் மலை தூரத்தில் இருந்தது. வெயில் பக்கத்தில் இருந்தது. கம்பளியைக் கழற்றி வரப்பில் போட்டாள். கசப்பையும் வேர் வழியாக மண்ணில் துப்பிவிட்டாள். அவள் பெண்கள் பார்த்தார்கள். அம்மாவே கழற்றிவிட்டாள் என்று ஆளுக்கொன்றாகக் கழற்றி வீசினார்கள். வரப்பு நீளத்துக்குக் கம்பளிக் குவியல்.

உடம்பில் காற்றுப் பட்டது. "அப்பாடா!" என்றாள் பூவாத்தாள்.

அந்த வரப்பில் மொட்டையன் என்று ஒரு புழு இருந்தது. அந்தக் காலத்தில் அது வழவழவென்று, சிவப்பாக, வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்படி இருக்கும். காக்கை, மைனா, ஓணான் என்று வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதன் வம்சத்தைப் பொரி மாதிரி கொறித்துவிட்டுப் போவார்கள். குவியலைப் பார்த்த மொட்டையன் ஒரு கம்பளிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

வழக்கம்போல ஒரு காக்கை வந்து கவ்வியது. கவ்விய வேகத்தில் துப்பியது.

"த்தூ! என்னடா இது, தொண்டையெல்லாம் மயிரு!"

மொட்டையன் கீழே விழுந்து புரண்டு எழுந்தது. தன்னைத் தானே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு சொந்தபந்தம் அத்தனையையும் கூவி அழைத்தது. அன்று சாயங்காலத்துக்குள் வரப்பில் ஒரு கம்பளியும் மிச்சமில்லை.

இது நடந்து சில நாளில் மலையில் நல்ல மழை பெய்தது. தண்ணீர் சரிவில் உருண்டு வந்தபோது காராத்தாளின் கொடி ஒன்று வேரோடு அதில் ஏறிக்கொண்டது. தங்கையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! செம்மண்ணும் சேறுமாக, தலைகலைந்து, வயலின் ஓரத்தில் வந்து ஒதுங்கினாள்.

"பூவா! எப்படிடி இருக்கே? இதென்ன கோலம்? கம்பளி எங்கே?"

பூவாத்தாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மக்காச்சோளம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. களைக்கொத்தோடு வந்த நாச்சாளும் குனிந்து பார்த்தாள். சேறு அப்பியிருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது யாரு பூவாத்தா? உனக்கு வேண்டியவங்களா?"

"இல்லையே" என்றாள் பூவாத்தாள். "யாரோ. ஏதோ காட்டுக்களை."

நாச்சாள் அதைப் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினாள். காராத்தாள் மேயவந்த ஆட்டின் குளம்பில் ஒட்டிக்கொண்டு, எப்படியோ மலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுவாரம் ஈரக்காற்றோடு பொட்டுக்காரி வந்தாள். வயலைப் பார்த்ததும் அவளுக்குக் கூடை கைநழுவப் பார்த்தது. கம்பளி இல்லாத இலைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

"அம்மிணிகளா! இவ்வளவு பளிச்சுன்னு, இவ்வளவு வழவழன்னு இருந்துகிட்டு மொகத்துல ஒரு பொட்டு இல்லாம இருக்கலாமா?"

"நல்லா இருக்குமா?" என்றாள் பூவாத்தாள்.

"மஞ்சக்கரை கட்டித் தர்றேன், பாருங்க."

வைத்தாள். அழகாகத்தான் இருந்தது. பழுப்புப் பொட்டு, சுற்றி மஞ்சள் வளையம். பூவாத்தாள் தன் பெண்களுக்கும் வைக்கச் சொன்னாள். ஒன்று போதாது என்று ஒவ்வொருத்தியும் நாலு கேட்டாள். பொட்டுக்காரி கேட்ட கூலி, 'இலையில் கொஞ்சம் சாறு' மட்டும்தான். மூன்றாம் நாள் பொட்டுகள் தாமாகவே பெருகின. ஐந்தாம் நாள் பொட்டு வைத்த இடமெல்லாம் கருகியது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன.

அது போதாதென்று, ஒரு மழை விட்ட காலையில், வரப்பைத் தாண்டிக் கம்பளி போர்த்த படை ஒன்று நெளிந்து வந்தது. முன்னால் மொட்டையன்.

"டேய், அது என் கம்பளி!" என்று அலறினாள் பூவாத்தாள்.

"கீழ கெடந்துச்சு" என்றது மொட்டையன். "நல்ல கம்பளி. ஒரு காக்கா கிட்ட வர்றதில்ல. இத்தனை நாளா சாவுக்குப் பயந்து சரியா சாப்பிடவே இல்ல பூவாத்தா. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?"

பதிலுக்குக் காத்திராமல் நுனிக்கொழுந்திலிருந்து ஆரம்பித்தது. கசப்பு இல்லை. "ஆகா!" என்று திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தது.

செங்கோடன் ஓடி வந்தான். முதலில் அதட்டினான். புழுக்கள் தின்பதை நிறுத்தி மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் தின்றன. குச்சியால் தட்டினான், சுருண்டு விழுந்து, அவன் அந்தப் பக்கம் போனதும் ஏறிக்கொண்டன. வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டினான். பள்ளத்தில் விழுந்த புழுக்களின் மேல் நடந்து மற்றப் புழுக்கள் வந்தன. கையால் பொறுக்கினான், கை தடித்து, விரல்கள் வாழைப்பூ மாதிரி வீங்கின.

"காவலுக்கு நான் இருக்கேன்னு சொன்னீங்களே" என்றாள் நாச்சாள்.

"ஒரு ஆளுன்னு நெனச்சுச் சொன்னேன் புள்ள. இது ஊரே வந்துருக்கு."

வயலில் குச்சியும் காம்புமாகத்தான் மிச்சம். மண்ணுக்குள் இருந்த காய்கள் பால் பிடிக்காமலே சூம்பின. அடுத்த பஞ்ச மாசத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. செங்கோடனின் தொந்தி போன இடம் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் அவன் முடிவாகச் சொன்னான்: "இந்த மண்ணுல இனி ஆகாது. மலைச்சரிவுக்குத் தீ வெச்சுப் புதுசா ஒரு காடு திருத்தப் போறேன்."

"அங்க பூவாத்தாவோட அக்கா இருக்காளே."

"அங்க இருக்கறதெல்லாம் வெறும் களை புள்ள" என்று சொல்லிவிட்டுப் பந்தம் கட்டத் துணி தேடப் போனான்.

நாச்சாள் வயலுக்கு ஓடி, உயிரோடிருந்த பூவாத்தாளை வேர்மண்ணோடு தோண்டிக் கூடையில் வைத்தாள்.

"எங்க கூட்டிட்டுப் போறே?" என்றாள் பூவாத்தாள்.

"உங்க அக்காகிட்ட."

"வேண்டாம் நாச்சா. அந்த மொகத்தப் பாக்க எனக்கு மொகம் இல்ல. அன்னைக்குத் தண்ணியில வந்து ஒதுங்குனாளே, அவதான் எங்க அக்கா."

நாச்சாள் நடையை நிறுத்திவிட்டாள். தான் பிடுங்கி வீசியது நினைவுக்கு வந்தது. முகம் கறுத்தது. ஆனால் திரும்பவில்லை. முன்னைவிட வேகமாக மலையேறினாள்.

காராத்தாள் சரளைக்கல்லில் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தாள். கூடையைப் பார்த்தாள். கூடைக்குள் இருந்ததையும் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"தாயே, உங்களக் களைன்னு நெனச்சுப் பிடுங்குனது நான்தான். தப்பு என் மேல" என்றாள் நாச்சாள்.

"நீ பிடுங்குனது வலிக்கல அம்மிணி. பன்றி பிடுங்காததா, ஆடு பிடுங்காததா? யாரோன்னு ஒருத்தி சொன்னா பாரு, அதுதான் இன்னும் ஆறல."

பூவாத்தாள் கூடைக்குள்ளேயே அழுதாள். "அக்கா, எனக்குக் கம்பளி கொடுக்க வேண்டாம். நான் பண்ணுனதுக்கு நான் அனுபவிச்சுக்கறேன். எம் பொண்ணுகளுக்காவது..."

"யாரோ வீட்டுப் பொண்ணுகளப் பத்தி எனக்கென்ன?" என்றாள் காராத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மொட்டையன்தான். பூவாத்தாளின் காம்போடு ஒட்டிக்கொண்டு அதுவும் வந்திருந்தது. வெளியே இறங்கிச் சோம்பல் முறித்தது. எதிரே ஒரு பச்சைச் செடியைக் கண்டது. அக்காளும் தங்கையைப் போலத்தான் இருப்பாள் என்று நினைத்து, ஏறி, வாய் நிறையக் கடித்தது.

மறுநொடி வாயைத் திறந்தபடியே தொப்பென்று விழுந்தது. "என்ன வீடு இது!" என்று உமிழ்ந்தது. உமிழ்ந்துகொண்டே பூவாத்தாளைப் பார்த்துச் சொன்னது: "நீயே தேவலை. மிச்சம் இருக்கற ரெண்டு இலையையும் முடிச்சிடறேன்."

காராத்தாள் அதன் முதுகைப் பார்த்தாள். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அவள் நெய்த கம்பளி அல்லவா!

"டேய்! நான் எந் தங்கச்சிக்கு நெய்ஞ்சது அது. அதப் போர்த்திக்கிட்டே அவளத் திங்கறியா? அவள நான் திட்டுவேன், ஒதுக்கி வெப்பேன், பேசாம இருப்பேன். அது எங்க குடும்ப விவகாரம். நீ யாருடா நடுவுல?"

ஓர் இலையால் விட்டாள் ஓர் அறை. மொட்டையன் சரிவில் உருண்டது. கம்பளி இருந்ததால் அடிபடவில்லை. ஆனால் அதன் பிறகு அது அந்த மலைப்பக்கம் வரவே இல்லை.

கோபம் வடிந்தபோது காராத்தாள், தான் 'தங்கச்சி' என்று சொல்லிவிட்டதை உணர்ந்தாள். சொன்னது சொன்னதுதான்.

"வா இங்க. எப்படி மெலிஞ்சு போயிட்டே" என்றாள்.

புதிதாக ஒரு கம்பளியை எடுத்துத் தங்கைக்குப் போர்த்தப் பார்த்தாள். தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. இழுத்தார்கள், பிதுக்கினார்கள். நாச்சாள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்ததில் 'டர்ர்' என்று கிழிந்தது.

"மெலிஞ்சும் இவ்வளவா?" என்றாள் காராத்தாள். "ரெண்டு ஆளு உடம்புல்ல வளர்த்து வெச்சிருக்கே! நான் ஒத்தை ஆளு. என் அளவு உனக்கு எப்படிச் சேரும்?" கிழிந்ததை மடித்து வைத்தாள். "உனக்குப் போர்த்த முடியாது. என் பூந்தூள உன் பூவுல வெச்சா, பொறக்கற பிள்ளைக்குக் கம்பளி கூடவே வரும். நெய்யற விதம் அந்தத் தூளுக்குள்ளதான் இருக்கு."

தேனீயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அது இறக்கையைக் கூப்பி மறுத்துவிட்டது. "இந்தக் கடலைக் குடும்பத்தோட எனக்குச் சரிப்படாது. பொழுது விடியறதுக்குள்ள உள்ளுக்குள்ளேயே காரியத்த முடிச்சிட்டு, கதவச் சாத்தியே வெச்சிருக்காங்க. வேற ஆளப் பாருங்க."

"நான் பண்றேன்" என்றாள் நாச்சாள்.

அப்போது கீழேயிருந்து புகை நாற்றம் வந்தது. செங்கோடன் எரிகிற பந்தத்தோடு இளைக்க இளைக்க ஏறிக்கொண்டிருந்தான்.

"நாச்சா, நகரு! தீ வெக்கப் போறேன்."

"அணைங்க அத!"

"ஏன்?"

நாச்சாள் இடுப்பில் கைவைத்து வழியில் நின்றாள். "இவங்க இப்ப நம்ம சம்பந்தி. பொண்ணு எடுக்கற வீட்டுக்கு யாராச்சும் நெருப்பு வெப்பாங்களா?"

செங்கோடன் மனைவியைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், பந்தத்தைப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சம்பந்தி என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தான். பழக்க தோஷத்தில் தோளில் கிடந்த துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

பூவாத்தாளைத் திரும்பவும் வயலில் நட்டு, அவள் தேறிப் பூத்ததும், ஒருநாள் விடியும் முன்பே நாச்சாள் முள்ளம்பன்றி முள்ளோடு தங்கைச் செடியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இறுக மூடிய மஞ்சள் பூவை அது நோகாமல் திறந்து, அதன் சொந்தத் தூளை அகற்றி, அக்காளின் தூளை வைத்தாள். முதலில் வைத்த பூக்கள் வாடி விழுந்தன. அடுத்து வைத்தவையும் விழுந்தன. மலைக்கும் வயலுக்கும் நடந்து நடந்து அவளுக்குக் கால் வெடித்தது. "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறாளாம்" என்று ஊர் சிரித்தது. செங்கோடன் ஊரோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்து, நாச்சாளின் முகத்தைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டான்.

கடைசியில் ஒரு பிள்ளை பிழைத்தது. அருமையான கம்பளி. புழு கிட்டே வரவில்லை. பொட்டு ஒட்டவில்லை. ஆனால் காயே பிடிக்கவில்லை.

"அம்மா பக்கம் ரெண்டு, பெரியம்மா பக்கம் ஒண்ணு. மூணு ஜோடி சேராது, கணக்கு இடிக்குது" என்றாள் காராத்தாள். "வேலியோரம் கண்வலிக்கிழங்கு இருக்கான்ல, அவன்கிட்டக் கேளு. ஒண்ண ரெண்டாக்கற வித்தை அவனுக்குத் தெரியும்."

கண்வலிக்கிழங்கு தீ நிறப் பூவைத் தலைப்பாகைபோல் கட்டிக்கொண்டு வேலியில் சாய்ந்திருந்தான். யாரும் அவனோடு பேச மாட்டார்கள்; உடம்பெல்லாம் நஞ்சு. அதனால் ஆள் வந்ததே அவனுக்குச் சந்தோஷம்.

"தாராளமா எடுத்துக்கோ தாயீ. துளி பட்டா ஒண்ணு ரெண்டாகும். கூடப் பட்டா ஒண்ணும் இருக்காது. உன் வாயில பட்டா நீயே இருக்க மாட்டே. பாத்துப் பண்ணு."

நாச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாற்றில் ஒரு துளியைப் பிள்ளையின் கொழுந்தில் வைத்தாள். பிள்ளை இரண்டு நாள் தலைசுற்றிக் கிடந்தது. பிறகு எழுந்து, அம்மாவைப் போலவே ஈராள் ஆகி நின்றது. அதைக் கொண்டுபோய் வயல்கடலையோடு சம்பந்தம் செய்தாள். அதன் பிள்ளையை மறுபடியும் வயலிலேயே கொடுத்தாள். சில பேத்திகள் பெரியம்மாவைப் போல முரடாகவும் பொடிக்காயாகவும் வந்தார்கள். சிலர் பூவாத்தாளைப் போல வழவழவென்று வந்து புழுவுக்கே போனார்கள். நாச்சாள் சலிக்கவில்லை. வருஷங்கள் கழித்து ஒரு காலை, ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். மேலே கம்பளி. கீழே கொத்துக் கொத்தாகக் காய். உடைத்தால் இரண்டு பருப்பு.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். செங்கோடன் காயை உடைத்துத் தின்றுபார்த்தான். பிறகு ஊரைக் கூப்பிட ஓடினான்.

அந்த வருஷம் பஞ்ச மாசத்தில் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. முதல் காய்களை மடியில் கட்டிக்கொண்டு நாச்சாள் மலைக்குப் போனாள்.

"பெரிய மனசு பண்ணிக் கீழ வந்து எங்களோட இருங்களேன். மாலை மரியாதையோட வெச்சுக்கறோம்" என்றாள்.

"உன் மரியாதை எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள் காராத்தாள். "இங்கயே இருக்கேன். நாளைக்கு வேற புழு வரும், வேற பொட்டுக்காரி வருவா. அப்ப உங்களுக்கு நான் வேணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. இந்த மலையில நெருப்பு வெக்காம, களைக்கொத்து போடாம பாத்துக்கோ. நான் இருந்தாத்தானே நீ வந்து கேக்க முடியும்?"

அதிலிருந்து வந்த வழக்கம்தான் இது. வயலில் எவ்வளவு செழிப்பாக விளைந்தாலும், கடலைக்குப் புதிதாக ஒரு நோய் வந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் காடுமலை ஏறிக் காட்டுக்கடலையைத் தேடிப் போகிறார்கள். அதன் பூந்தூளைக் கொண்டுவந்து, இடுக்கியும் கையுமாக விடியற்காலையில் வயல்கடலையின் முன்னால் குத்தவைத்து உட்காருகிறார்கள். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவராக இருந்தாலும் அங்கே நின்றுகொண்டு காரியம் ஆகாது. பெண் கேட்டு வந்தவர் இல்லையா, குனிந்துதான் ஆக வேண்டும்.